இருநூற்று மூன்று புள்ளி பூஜ்யம்

தன் முறை வர இன்னும் ஒன்பது இலாகா பாக்கி. ஒன்பது பேரும் எழுந்து நின்று இதே பல்லவியைத்தான் பாடப்போகிறார்கள் என்று நினைத்ததுமே பேராச்சிக்கு உள்ளங்கை அரித்தது. தயார் நிலையில் உள்ளோம் சார். மின்சாரக்காரர் தயார் நிலையில் இருக்கிறார், தீயணைப்புக்காரர் தயார் நிலையில் இருக்கிறார், கால்நடை டாக்டர் தயார் நிலையில் இருக்கிறார், வெள்ளம் ஒன்றுதான் பாவம் இன்னும் தயாராகவில்லை போலிருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் கூட்டரங்கில் வருஷாவருஷம் செப்டம்பர் கடைசியில் நடக்கிற பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் இது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு யாரோ ரிமோட்டைத் தொலைத்துவிட்டார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், ஒரு காகிதத் தட்டு, தட்டில் ஆறிப்போன ஒரு போண்டா. அவளுடைய போண்டாவின் எண்ணெய் கசிந்து நிகழ்ச்சி நிரல் தாளில் வட்டமாக இறங்கியிருந்தது, சரியாகப் பதினான்காம் எண்ணின் மேல். பொருள் எண் பதினான்கு: நீர்வளம், வேங்கையாறு, தாழ்வான பகுதிகள் மற்றும் நிவாரண முகாம்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஐந்து. பதினான்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும், பன்னிரண்டரைக்குக் கலெக்டருக்குச் சென்னையோடு வீடியோ கூட்டம். ஆக அவளுக்குக் கிடைக்கப்போவது மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும்: மழை வந்தால் கீழப்படுகை ஜனங்களைக் கொண்டுபோய் அந்தப் பள்ளிக்கூடத்தில் அடைக்காதீர்கள். இதைச் சொல்ல மூன்று நிமிஷம் தாராளம். ஏன் என்று கேட்பார்கள், அங்கேதான் சிக்கல். ஏன் என்று சொல்லப்போனால் தான் போட்ட கையெழுத்தைத் தானே பொய் என்று சபையில் சொல்லவேண்டும்.

"நீ வாயத் தெறக்காதம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வரும்போது ஜீப்பிலேயே சொல்லிவிட்டார் தாணுமூர்த்தி. நீர்வளத்துறைச் செயற்பொறியாளர், அதே துறையில் இன்ஜினியரான அவளுக்கு நேர் மேலதிகாரி, இப்போது வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார், குளிர் ஆகாது. நல்ல மனுஷன், அதுதான் அவரோடு வம்பே. கெட்டவராக இருந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மூன்று தடவை அவள் எழுதிக்கொண்டுபோன கடிதத்தை மூன்று தடவையும் முழுசாகப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பெருமூச்சு விட்டார், டிராயரில் வைத்துப் பூட்டினார். "பதினேழு பி வரும் பேராச்சி" என்றார். பதினேழு பி என்றால் துறை விசாரணை, அது வந்தால் வரவேண்டிய பதவி உயர்வு போகும், ஆபீஸில் இருக்கிற பியூன் வரைக்கும் ஒரு தினுசாகப் பார்ப்பான். "ரெண்டு வருசம் முந்தி நடந்தத இப்பப் போயி கிண்டணுமாம்மா? சத்தங்காட்டாம ஒரு திருத்தம் அனுப்புவோம். அடுத்த வருசப் பட்டியல்ல மாத்திக்கிட்டாப் போச்சு." அடுத்த வருஷம். அதுவரைக்கும் மேகம் காத்திருக்கும். மேகத்துக்கும் நகல் ஒன்று அனுப்பிவிட்டால் இன்னும் விசேஷம். அவர் பயப்படுவது தனக்காக இல்லை, அவளுக்காக, அது அவளுக்குத் தெரியும், தெரிவதால்தான் எரிச்சல் இரட்டிப்பாகிறது. யாராவது ஒருவர் தன்மேல் பிரியமாக இருந்துவிட்டால் உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டமாகிவிடுகிறது. அவளே ஒருத்தர்மேல் பிரியமாக இருந்துதானே இவ்வளவும். "இந்த போண்டாவ நீ திங்கப்போறியா?" என்று காதோரம் கேட்டார் தாணுமூர்த்தி. அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பொருள் எண் ஆறு. புள்ளியியல் அதிகாரி எழுந்து திரையில் ஒரு படம் போட்டார். நீலத்தில் குச்சிகுச்சியாக ஒரு வரைபடம், நடுவே ஒரு கோடு, கோட்டுக்குப் பெயர் சராசரி. முப்பது வருஷத்தில் மாவட்டத்தின் சராசரி மழை பெரிதாக மாறவில்லை சார், இந்த வருஷமும் இயல்பை ஒட்டியே இருக்கும் சார். மாறவில்லைதான். ஒரு மாசத்துச் சோற்றை ஒரே வேளையில் ஒருவன் வாயில் திணித்துவிட்டுச் சராசரிச் சாப்பாட்டில் குறையொன்றும் இல்லை என்று சொன்னால் ஆள் பிழைப்பானா? அவள் வேலைக்கு வந்த புதிதில், இருபத்திமூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசியில் பிடித்தால் கார்த்திகை கடைசி வரைக்கும் மழை நசநசவென்று கிடக்கும், துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும், ஆறு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இப்போது கார்த்திகை பூராவும் வெயில் காய்கிறது, திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. கடல் சூடாகிவிட்டது, சூடான கடலுக்கு மேலே இருக்கிற காற்று கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும், சுமந்ததை எங்கேயாவது இறக்கித்தானே ஆகவேண்டும், நம் மலையில் வந்து முட்டி இறக்குகிறது. இதில் விளங்காதது என்ன இருக்கிறது, பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கு விளங்கும். வேங்கையாறு ஒன்றும் பெரிய ஆறும் இல்லை, மலையில் பிறந்து கடலில் விழ அறுபது கிலோமீட்டர்தான். மேலே கொட்டினால் நாலே மணி நேரத்தில் கீழப்படுகையில் தண்ணீர், யோசிப்பதற்குக்கூட நேரம் கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று பேர் வைத்தது எட்டு வருஷத்தில் மூன்று தடவை வந்துவிட்டுப் போய்விட்டது, பேரை மட்டும் யாரும் மாற்றவில்லை. குழந்தைக்குத் தைத்த சட்டையை வைத்துக்கொண்டு தகப்பனுக்கு அளவெடுப்பது மாதிரி, பெய்து முடிந்த மழையை வைத்து வரப்போகிற மழைக்கு அளவெடுக்கிறார்கள். சரி, அந்தப் பழைய கணக்காவது ஒழுங்கானதா என்றால், அதில்தான் அவள் கை இருக்கிறது. அந்த நீலக் குச்சிகளில் ஒன்று, கடைசியிலிருந்து இரண்டாவது, அவளுடையது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரம். இன்னும் எவ்வளவு உயரமாக இருந்திருக்கவேண்டும் என்று இந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கும் தெரியாது, அதுதான் கொடுமை.

பாட்டில் நிரம்பி வழிந்துவிட்டது. அவள் எழுதாமல் விட்டது இந்த மூன்றே வார்த்தை. வேங்கைமலை அடிவாரத்தில் இலாகாவுக்கு ஒரு பழைய பங்களா உண்டு, பங்களாத் தோட்டத்தில் மழைமானி. என்னவோ பெரிய கருவி என்று நினைக்கவேண்டாம். ஒரு புனல், புனலுக்குக் கீழே ஒரு பாட்டில், அவ்வளவுதான் சாமான். தினம் காலை எட்டரைக்குப் பாட்டிலில் விழுந்திருப்பதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதுகிறவர் லஸ்கர் மாடக்கண்ணு. லஸ்கர் என்றால் மதகைத் திறக்க, அடைக்க, கரையைச் சுற்றிவர இலாகா வைத்திருக்கிற ஆள். மாடக்கண்ணு அந்த வேலையில் முப்பத்தாறு வருஷம் இருந்தார். பாட்டில் இருநூறு மில்லிமீட்டர் மழையைத்தான் கொள்ளும். பேய்மழை பிடித்தால் நடுவில் ஒருதரம் போய் அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைக்கவேண்டும், அதுதான் முறை. இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடக்கண்ணு கிளம்பத்தான் செய்தார். தரைப்பாலத்துக்கு மேலே இடுப்பளவு தண்ணீர். போனில் கத்தினார். "தாயி, இக்கரையில நிக்கேன், கயித்தக் கட்டிக் கடந்துரட்டுமா?" இவளும் கத்தினாள். "கடந்தீருன்னா நேரா கடலுக்குத்தான் போவீரு. வீட்டப் பாத்துப் போரும்." அது சரியான உத்தரவு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள், பதினேழு பி இல்லை, பதினேழு நூறு வந்தாலும் அதையேதான் சொல்வாள். திங்கட்கிழமை காலை தண்ணீர் வடிந்தபிறகு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். புல்தரை முழுக்கச் சேறு, பாட்டில் விளிம்புவரைக்கும் தளதளவென்று நின்றது. மாடக்கண்ணு குவளை குவளையாக அளந்தார். இருநூற்று மூன்று. அதற்கு மேல் பாட்டிலில் இடமில்லை. அவர் எழுதினார், இவள் கையெழுத்துப் போட்டாள், போட்டுவிட்டுக் கடைசியில் குறிப்பு என்று இருக்கிற கட்டத்தில் பேனாவை வைத்தாள். எழுதவேண்டாம் என்று மாடக்கண்ணு கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பாள். அவர் பாட்டுக்கு அந்தப் பாட்டிலைத் துடைத்துக்கொண்டு நின்றார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாட்டிலை. பொங்கல் கழித்து அவருக்கு ஓய்வு. வழிந்தது என்று எழுதினால் நடுவில் ஏன் கொட்டவில்லை என்று மேலே இருந்து கேள்வி வரும், விளக்கம் கேட்பார்கள், விளக்கம் முடிகிறவரை பென்ஷன் நிற்கும், மனுஷன் ரெண்டு வருஷம் படியேறி இறங்குவார். பேனாவை எடுத்துவிட்டாள். கட்டம் காலியாகக் கிடந்தது. இலாகாவில் இதற்கு ஆளைக் காப்பாற்றுவது என்று பேர், எல்லோரும் செய்வதுதான், செய்யாதவரைத்தான் ஒரு மாதிரியாகப் பேசுவார்கள். இப்போது மாடக்கண்ணு தினம் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் அனுப்புகிறார். இன்றும் அனுப்பினார். மஞ்சள் ரோஜா. பார்த்ததும் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது, பதிலுக்குக் கும்பிடுகிற கையைப் போட்டு அனுப்பினாள்.

கால்நடை டாக்டர் எத்தனை மாட்டுக்குத் தடுப்பூசி போட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொருள் எண் ஒன்பது. எண் என்றால் இவர்களுக்கு என்ன பிரியம். இருநூற்று மூன்று என்று பதிவேட்டில் பேனாவால் எழுதியது, ஆபீஸுக்குப் போய்த் தட்டச்சில் ஏறியபோது இருநூற்று மூன்று புள்ளி பூஜ்யம் ஆயிற்று. அந்தப் புள்ளி பூஜ்யம்தான் ஊரை ஏமாற்றியது. புள்ளிக்குப் பிறகும் ஓர் இலக்கம் அளந்திருக்கிறார்களே, எவ்வளவு கவனமான ஆட்கள் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அது மாவட்டத்துக்குப் போயிற்று, சென்னைக்குப் போயிற்று, அங்கே கணினியில் ஏற்றினார்கள், ஏற்றிக் கலக்கி நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் இவ்வளவு உயரம் என்று ஒரு மட்டம் எடுத்துக்கொடுத்தார்கள், அந்த மட்டத்துக்குக் கீழப்படுகையில் கரண்டுக் கம்பம் கம்பமாகச் சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்தாயிற்று. கோடு இழுத்த அன்றைக்கு அவளும் நின்றாள். மட்டக் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்துச் சரி, சரி என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போது அவளுக்கே மறந்துபோயிருந்தது, அதுதான் வெட்கக்கேடு. ஒரு காலிக் கட்டத்தை எவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருப்பாள்? உள்ளே ஏதாவது எழுதியிருந்தால் ஞாபகம் இருக்கும். கோட்டுக்கு இரண்டடி மேலே இருந்தது பள்ளிக்கூடத்துத் தரை. ஆகவே பள்ளிக்கூடம் பத்திரம். ஆகவே நிவாரண முகாம் எண் ஆறு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

போன வெள்ளத்திலேயே அங்கே சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். வரவில்லைதான். ஊருக்கு மேலே இருக்கிற குளம் அன்றைக்கு மேற்குப் பக்கம் கரை உடைத்துக்கொண்டு வயல்காட்டில் பாய்ந்தது, பள்ளிக்கூடம் கிழக்கே இருந்ததால் தப்பியது. அது பள்ளிக்கூடத்தின் உயரம் இல்லை, குளத்தின் உபகாரம். இப்போது அந்த மேற்குக் கரையைக் கான்கிரீட் போட்டு இறுக்கியாயிற்று, திறப்புவிழாகூட நடந்தது, கேசரி கொடுத்தார்கள். இனி நிறைந்தால் தண்ணீர் போக ஒரே வழி கிழக்கு. கிழக்கே முதல் கட்டடம் பள்ளிக்கூடம். மாடி கிடையாது, தகரக் கூரை. சன்னல்களுக்கு வலை. அந்த வலைதான் அவளை விடமாட்டேன் என்கிறது. மலை பக்கத்தில் இருப்பதால் குரங்கு வந்து சத்துணவு முட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று தலைமையாசிரியர் எழுதிக்கேட்டு, எல்லாச் சன்னலுக்கும் கெட்டியான இரும்பு வலை அடித்து வெல்டிங் வைத்துவிட்டார்கள். நல்ல வேலைப்பாடு. போன மாசம் போனபோது கையால் இழுத்துப் பார்த்தாள், ஒரு நூல் அசையவில்லை. வாசல் ஒன்றுதான், அதுவும் உள்பக்கமாகத் திறக்கிற கதவு. வெளியே தண்ணீர் ஏறினால், ஏறி உள்ளேயும் வந்தால், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால், உள்பக்கம் திறக்கிற கதவு திறக்குமா? அதற்கு மேல் அவள் நினைக்கமாட்டாள். நினைக்கமாட்டாள் என்று சொல்லிக்கொண்டே நினைப்பாள். பல் விளக்கும்போது நினைப்பாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நினைப்பாள், வீட்டில் தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு வலையை நினைத்துக்கொண்டு நின்று, கருகல் வாசனை வந்தபிறகு "என்ன இது, வீட்டக் கொளுத்துத அளவுக்கு அப்படி என்ன யோசன?" என்று புருஷன் கேட்பான். குரங்கு என்பாள். அவன் அதற்குமேல் கேட்கமாட்டான்.

போன மாசம் கனி அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவளும் இங்கே உட்கார்ந்து தயார் நிலையில் இருந்திருப்பாள். செல்லக்கனி கீழப்படுகை மகளிர் குழுத் தலைவி, ஆடு வளர்க்கிறவள், வாய்த்துடுக்கு, வெள்ளத்துக்குப் பிறகு தினம் வந்து சண்டை போட்டுச் சண்டை போட்டே சிநேகிதியாகிப்போனவள். அன்றைக்கு மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டே சொன்னாள். "எக்கா, அந்த மழையில எம் மொட்டமாடியில பெயிண்டு வாளி ஒண்ணு சும்மா கெடந்துச்சு. முந்தின நாதான் கழுவிக் கமுத்தி, காஞ்சதும் நிமித்தி வச்சிருந்தேன். மறுநா காலம்பற பாக்கேன், ரொம்பி வழிஞ்சிக்கிட்டு நிக்கி. ஒரே நாள்ல! எங்க வாளிக்கு உள்ள அறிவு ஒங்க ஆபீஸுக்கு இல்லியேக்கா, இருநூறுதாம் பெஞ்சதுன்னு பேப்பர்ல போட்டிருந்தாவ." சிரித்தாள். பேராச்சியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வாளி இன்னும் மாடி மூலையில்தான் இருந்தது, கறிவேப்பிலைச் செடி வைத்து. பையில் இருந்த டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். முந்நூற்றெண்பது மில்லிமீட்டர். காலிக் கட்டம் அப்போதுதான் ஞாபகம் வந்தது, வந்ததும் வற்றலுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்னக்கா, வெயிலு தாங்கலியா?" என்று கனி மோர் கொண்டுவந்தாள். மறுநாள் ஆபீஸில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாளிக் கணக்கை வைத்தாலே பள்ளிக்கூடத்துக்குள் அஞ்சடி. கனியின் உயரம் அஞ்சடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வாளிக்கணக்கோடு நின்றால்தானே. அதுவும் வழிந்துவிட்டதே. மலைமேலே அன்றைக்குக் கீழப்படுகையைவிடக் கூடத்தான் பெய்திருக்கும், எவ்வளவு கூட? இரண்டு வருஷத்தில் கடல் இன்னும் சூடாகியிருக்கிறது, அதற்கு எவ்வளவு? ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று அவள் இரண்டு வருஷம் தெம்பாகத் திரிந்தாளே. ஒரு மனுஷனுடைய பென்ஷனைக் காப்பாற்றினாளே. நல்ல காரியம் செய்கிற கை விளங்காமல் போகட்டும். இல்லை, மாடக்கண்ணுவைச் சொல்லி என்ன. இல்லை, தன்னைச் சொல்லித்தான் என்ன. எழுதினால் ஆளை மாட்டிவைக்கிற இலாகாவில் எவன்தான் எழுதுவான்? இன்னும் எத்தனை பதிவேட்டில் எத்தனை கட்டம் இப்படிக் காலியாகக் கிடக்கிறதோ, அத்தனையையும் கூட்டிவகுத்துத்தான் இந்த நீலக் கோடு. தாணுமூர்த்தி முழங்கையால் இடித்தார். பதின்மூன்று முடிந்துவிட்டது.

மணி பன்னிரண்டு பதினாறு. தாணுமூர்த்தி எழுந்தார். தயார் நிலையில் உள்ளோம் சார். மணல்மூட்டை எட்டாயிரம், சவுக்குக் கம்பு ஆயிரத்து நூறு, முகாம்கள் பதினொன்று, போன வருஷப் பட்டியல்தான் சார், மாற்றம் ஏதும் இல்லை. கலெக்டர் சின்ன வயசுக்காரர், காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், தாளில் டிக் அடிக்கப் பேனாவை எடுத்தார். பேராச்சியின் கை போய் மைக்கின் பொத்தானை அமுக்கிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. இனி இருமியாவது வைக்கவேண்டும்.

"சார், கீழப்படுகை முகாமை மாத்தணும். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள தண்ணி வரும்."

"போன வெள்ளத்துலயே வரலியேம்மா" என்றார் எதிர் வரிசையிலிருந்து தாசில்தார்.

"குளம் மேற்க ஒடைஞ்சதால வரல சார். இப்ப அந்தக் கரையில கான்கிரீட் போட்டாச்சு. இனி ஒடையாது. தண்ணி கிழக்கதான் வரும்."

கலெக்டர் நிமிர்ந்தார். "ஆனா வெள்ளக்கோடு பள்ளிக்கூடத்துக்குக் கீழதானே இருக்கு? உங்க டிபார்ட்மென்ட் போட்ட கோடு."

"அந்தக் கோடு தப்பு சார். இருநூத்தி மூணு மில்லிமீட்டர்னு வச்சுப் போட்டது. அன்னைக்கு மழைமானி ரொம்பி வழிஞ்சிட்டு. நெசமா எவ்வளவு பெஞ்சதுன்னு யாரும் அளக்கல."

"வழிஞ்சதுன்னு பதிவேட்டுல இருக்கா?"

"இல்ல சார்."

"யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

தாணுமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். மாடக்கண்ணு பேரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கலெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப இப்ப எதை வச்சுத் தப்புன்னு சொல்றீங்க?"

கள ஆய்வின் அடிப்படையில் என்று சொல்லலாம். வட்டார விசாரணையில் தெரியவந்தபடி என்று சொல்லலாம். அந்த மாதிரி வார்த்தைகள் அவளிடம் மூட்டை மூட்டையாக உண்டு, இருபத்திமூன்று வருஷமாக எழுதியவைதானே. எதுவும் நாக்கில் வரவில்லை.

"ஒரு பெயிண்ட் வாளி சார். ஊர்ல ஒரு வீட்டு மொட்டைமாடியில இருந்தது. முந்நூத்தி எண்பது மில்லிமீட்டர் கொள்ளும்."

சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் வந்தது. கலெக்டர் சிரிக்கவில்லை. "அப்ப முந்நூத்தி எண்பதா?" என்று கேட்டார்.

"அதுக்கும் மேல சார்."

"எவ்வளவு மேல?"

"தெரியாது சார். வாளியும் வழிஞ்சிட்டு."

இந்தத் தடவை தாசில்தார் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பேராச்சிக்குக் காது சுட்டது. அழுகை வரும் என்று பயந்தாள், வந்தது அழுகை இல்லை, கோபம், சுத்தமான கோபம், இவர்கள் எல்லோரையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்தி இதே சிரிப்பைச் சிரிக்கச் சொல்லவேண்டும் என்று. கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "எழுத்துல குடுங்க. ஒரு கமிட்டி போட்டு ஆய்வு பண்ணலாம். பட்டியல் சென்னைக்குப் போயாச்சு, அதுவரைக்கும் இருக்கறது இருக்கட்டும்." குரலில் கடுமை இல்லை, அதைக்கூடத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "அடுத்து."

அடுத்து மீன்வளம். தயார் நிலையில் உள்ளோம் சார்.

தாணுமூர்த்தி மேஜைக்கு அடியில் அவள் பக்கம் தன் தண்ணீர் பாட்டிலைத் தள்ளினார். அவள் குடிக்கவில்லை. எழுத்தில் கொடுத்தால் அது டிராயருக்குப் போகாது, அவ்வளவுதான் லாபம்; கமிட்டி உட்கார ஐப்பசி, எழுந்திருக்கத் தை. நடுவில் கார்த்திகை கிடக்கிறதே, அதை யார் தாண்டுவது? நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். கூட்டம் நடக்கும்போது யாரும் இப்படி எழுந்து போவதில்லை. போனாள். வெளியே வராந்தாவில் வெயில் முகத்தில் அறைந்தது, குளிரில் விறைத்திருந்த விரல்களுக்கு அது இதமாகக்கூட இருந்தது. மனு கொடுக்க வந்த ஜனங்கள் தரையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தூணோரம் போய் நின்று போனை எடுத்துக் கனியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள் கனி. பின்னால் ஆட்டுச் சத்தம்.

"கனி, மழ புடிச்சுதுன்னா பள்ளிக்கூடத்துக்குப் போவாதிய. ஒருத்தரும் போவக்கூடாது."

"அங்கதான முகாமுன்னு எழுதிப் போட்டிருக்காவ?"

"எழுதிப் போட்டது தப்பு. அதுக்குள்ள தண்ணி வரும். சன்னல் வழியாக்கூட வெளிய வரமுடியாது. பாறமேல சர்ச் இருக்குல்லா, அங்க ஏறிருங்க. இன்னைக்கே போயி ஃபாதரப் பாத்துப் பேசிரு."

"நாங்க அம்மங்கோயில்காரவதான், இருந்தாலும் அவரு வாண்டாம்னு சொல்லமாட்டாரு. ஆனா சோறு பள்ளிக்கூடத்துலதானக்கா போடுவாவ? சோத்த விட்டுட்டு மலையேறுன்னா எவன் வருவான்?"

இதை அவள் யோசிக்கவே இல்லை. அஞ்சடித் தண்ணீரைக் கணக்குப் போட்டவள் ஒருவேளைச் சோற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. "ரெண்டு நாளைக்கு உள்ளத மொதல்லயே மேல ஏத்தி வச்சிருங்க. அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, பச்சப்புள்ளைக்குப் பாலு. குழுவுல சொல்லு. நானும் வாரேன், நாளைக்கே வாரேன்."

"நாளைக்கு ஒங்களுக்கு லீவு இல்லியே?"

"போட்டுக்கிடுதேன்."

கனி ஒரு ஆட்டை அதட்டினாள். "யாரு சொன்னா, எதுக்குப் போவலன்னு தாலுகாவுல கேப்பாவளேக்கா."

"எம் பேரச் சொல்லு."

"ஒங்களுக்கு ஒண்ணும் வராதே?"

"வரும். அத நான் பாத்துக்கிடுதேன்."

"சரி, எவ்வளவு தண்ணி வரும்? நீங்கதான் எப்பவும் அடி, அங்குலம்னு புட்டுப்புட்டு வப்பியளே."

அஞ்சடி என்று வாய்வரை வந்துவிட்டது. இப்படி யார் எப்போது கேட்டாலும் ஒரு எண் சொல்லித்தான் பழக்கம், எண் சொன்னால்தான் இன்ஜினியர். அஞ்சடி என்று சொன்னால் நாளைக்குக் கனி அஞ்சடிக்கு ஒரு கோடு போடுவாள், கோட்டுக்கு மேலே ஆட்டைக் கட்டுவாள், பிள்ளையைப் படுக்கவைப்பாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"தெரியாது கனி. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மழ புடிச்சதும் எம்போனு வரும்னு பாத்துக்கிட்டு நிக்காத, ஏறிரு."

"அப்பம் இன்னைக்குச் சாயந்தரமே ஒருதரம் எல்லாரையும் கூட்டி ஏறிப் பாத்துருதோம்" என்றாள் கனி. "கெழடுகட்டையெல்லாம் மேல போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆவுதுன்னு தெரியணும்லா."